நானூற்றுப் பன்னிரண்டு எழுத்து வித்தியாசம்

ஆஸ்பத்திரியின் நான்காவது மாடி வார்டில் ஒரே வாரத்தில் மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்தது. மூவரும் வேறு வேறு காரணத்துக்காக அங்கே படுத்திருந்தவர்கள். ஒருவருக்கு இடுப்பெலும்பு அறுவை, ஒருவருக்குச் சிறுநீரகக் கோளாறு, இன்னொருவருக்கு வயிற்றில் புண். காய்ச்சல் மட்டும்தான் பொது. ரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்த்ததில் மூன்றிலும் லிஸ்டீரியா முளைத்தது.

அது சாப்பாட்டு வழியாக வருகிற கிருமி. குளிர்பெட்டிக்குள் வைத்தால் மற்றக் கிருமிகள் சுருண்டு படுத்துவிடும். இது மட்டும் அங்கேயே சாவகாசமாகக் குடித்தனம் நடத்திப் பிள்ளை குட்டி பெற்றுப் பெருகும். திடகாத்திரமான ஆளிடம் போனால் ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு விட்டுவிடும். வயதானவர்கள், நோயாளிகள், கர்ப்பிணிகள் கையில் கிடைத்தால் விடாது.

மூன்று கிருமிகளும் பொதுச் சுகாதார ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கே மரபணு வரிசை படிக்கும் பிரிவைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் எழுத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கிருமியின் உடம்புக்குள் இருக்கும் மரபுச் செய்தி நாலே நாலு எழுத்தால் ஆனது. அந்த நாலும் மாறி மாறி ஏறக்குறைய முப்பது லட்சம் தடவை வரும். எழுத்தக்காவின் வேலை அந்த முப்பது லட்சத்தையும் இயந்திரத்தை வைத்துப் படித்து, வேறு எந்தக் கிருமியின் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பது. கிருமி ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகும்போது எப்போதாவது ஓர் எழுத்து தப்பிப்போகும். வருடத்துக்கு ஒன்று தப்பினாலே அதிகம். ஆகவே இரண்டு கிருமிகளுக்கு நடுவே ஐந்தாறு எழுத்துதான் வித்தியாசம் என்றால் இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். நூறு, இருநூறு என்றால் ஊர்க்காரர்கள், அவ்வளவுதான்.

ஆய்வுக்கூடத்தின் உறைபெட்டியில் பதினைந்து வருடத்துக் கிருமிகள் சின்னக் குப்பிகளில் கிடந்தன. எழுத்தெழுத்தாகப் படிக்கும் முறை வருவதற்கு முந்தையவை அவை. இயந்திரத்தில் இடம் மிஞ்சும்போதெல்லாம் அவற்றில் ஐந்தாறை ஏற்றிப் படித்துவிடுவது என்று இரண்டு வருடமாக எழுத்தக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். அவளுடைய கணவர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். காலி சீட்டில் ஆள் ஏற்றுகிற புத்தி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று கிருமிகளின் வரிசையும் திரையில் வந்தது. மூன்றும் ஒன்றுக்கொன்று எழுத்துப் பிசகாமல் ஒத்திருந்தன. அதை அவள் எதிர்பார்த்திருந்தாள். எதிர்பார்க்காதது அடுத்த வரி. இந்தத் தடவை கூடவே ஏற்றியிருந்த பழைய குப்பிகளில் ஐந்து, இந்த மூன்றோடு ஒட்டி உட்கார்ந்திருந்தன. நாலு எழுத்து, ஐந்து எழுத்து, அதற்கு மேல் வித்தியாசம் இல்லை. ஐந்தும் ஏழு வருடத்துக்கு முன்பு ஒரு முதியோர் இல்லத்திலிருந்து வந்தவை.

அந்த இல்லத்தை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஐந்து பேர் நோயில் விழுந்து, மூன்று பேர் இறந்துபோன விவகாரம். இல்லத்துக்கு மாலையில் சாண்ட்விச் போட்டுக்கொண்டிருந்தது இரண்டு தெரு தள்ளியிருந்த சின்னக் கடை. கடைக்காரியை ஊரில் ரொட்டியம்மா என்பார்கள். அவளுடைய குளிர்பெட்டியின் அடித்தட்டைத் துடைத்தெடுத்த பஞ்சில் லிஸ்டீரியா இருந்தது. அப்போது எழுத்தெழுத்தாகப் படிக்கிற வசதி கிடையாது. கிருமியின் மரபிழையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு கூழுக்குள் ஓடவிட்டு, துண்டுகள் எங்கெங்கே நிற்கின்றன என்று கோடுகளைப் பார்ப்பார்கள். இறந்தவர்களின் கிருமியும் குளிர்பெட்டிக் கிருமியும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே கோடுகளைக் காட்டின. ‘பொருந்துகிறது’ என்று அறிக்கை போயிற்று. அடியில் இருந்தது எழுத்தக்காவின் கையெழுத்து. கடையை மூடி சீல் வைத்தார்கள், உரிமம் ரத்து.

அந்த விவகாரத்தின் ஆறாவது குப்பி, அதாவது ரொட்டியம்மாவின் குளிர்பெட்டிக் கிருமி, எங்கே என்று அவள் திரையில் தேடினாள். மற்ற ஐந்தோடு அது இல்லை. மரம் போல வரைந்த படத்தில் வேறொரு கிளையின் நுனியில் தனியாக நின்றது. இடைவெளி நானூற்றுப் பன்னிரண்டு எழுத்து.

எழுத்தக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, உறைபெட்டி இருக்கும் அறைக்குப் போனாள். குப்பி மாறியிருக்கலாம். எண் தவறாக ஒட்டியிருக்கலாம். இப்படி ஏதாவது இருந்தால் தேவலை என்று தனக்குள் ஒரு குரல் சொன்னதை அவள் கவனித்தாள். கவனித்துவிட்டு ஆறு குப்பிகளையும் எடுத்து, புதிதாக வளர்க்கச் சொல்லி வேறொரு பரிசோதகரிடம் கொடுத்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. முடிவு வர எட்டு நாள் ஆகும்.

இயக்குநர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“முதல்ல எரியறதை அணைப்போம்மா. வார்டுல மூணு பேர் படுத்திருக்காங்க. நாலாவது ஆளு விழறதுக்குள்ள எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும். பழைய சாம்பலை அப்புறம் கிளறலாம்.”

அவர் சொன்னது நியாயம்தான். அன்று மத்தியானமே உணவு இன்ஸ்பெக்டர் வார்டுக்குப் போனார்.

இன்ஸ்பெக்டருக்கு மோப்பம் என்று பெயர். எதைக் கண்டாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். லிஸ்டீரியாவுக்கு வாசனையே கிடையாது என்று ஆயிரம் தடவை சொல்லியும் பழக்கம் விடவில்லை. ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது. ஏழு வருடத்துக்கு முன்பு ரொட்டியம்மாவின் குளிர்பெட்டியில் பஞ்சை ஓட்டியவரும் கடைக்குச் சீல் வைத்தவரும் அவரேதான்.

மூன்று நோயாளிகளின் சாப்பாட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு அவர் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். மதியச் சாப்பாடு மூவருக்கும் வேறு வேறு. ஒருவருக்கு உப்பு ஆகாது, ஒருவருக்குக் காரம் ஆகாது. கடைசியில் ஒரு நர்ஸ்தான் போகிறபோக்கில் சொன்னாள்: “மென்னு சாப்பிட முடியாதவங்களுக்கு நாலு மணிக்கு மில்க்‌ஷேக் கொடுப்போம் சார். அதைப் பட்டியல்ல எழுதறதில்ல.”

வார்டின் கோடியில், துணி அலமாரிக்கும் கழுவுதொட்டிக்கும் நடுவே, ஒரு மில்க்‌ஷேக் இயந்திரம் நின்றது. துரு இல்லாமல் பளபளவென்று இருந்தது. தினமும் மருந்துத் தண்ணீரை உள்ளே ஓட்டிக் கழுவுகிறார்கள்; கழுவியதற்கு ஒரு புத்தகத்தில் கையெழுத்தும் போடுகிறார்கள். மோப்பம் வழக்கம்போல் முகர்ந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகு குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். அடித்தகட்டில், பாதி கிழிந்த ஓர் ஒட்டுச்சீட்டில், அதே முதியோர் இல்லத்தின் முத்திரை இருந்தது. நாலு வருடத்துக்கு முன்பு இல்லத்தின் சமையலறையை இடித்துக் கட்டியபோது, நல்ல நிலையில் இருக்கிறதே என்று ஆஸ்பத்திரிக்கு நன்கொடையாகக் கொடுத்திருந்தார்கள்.

அவர் ஸ்பானர் கேட்டு வாங்கி, பானம் வெளியே வரும் குழாயைக் கழற்றினார். குழாய்க்குப் பின்னால் ஒரு ரப்பர் வளையம். அது தனியாகக் கழன்று வரும் என்று அந்த வார்டில் ஒருவருக்கும் தெரியாது. வளையத்துக்கு அடியில் கறுப்பாய், வழவழவென்று ஒரு படலம். மருந்துத் தண்ணீர் அதன் தலைக்கு மேலேயே இத்தனை வருடம் ஓடிப் போயிருக்கிறது.

படலத்திலிருந்து வளர்ந்த கிருமியை எழுத்தக்கா படித்தாள். வார்டு நோயாளிகளின் கிருமியோடு ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை. இயந்திரத்தை அகற்றினார்கள். நாலாவது ஆள் யாரும் விழவில்லை. மூவரில் இருவர் வீடு திரும்பினார்கள். சிறுநீரகக் கோளாறுக்காரர் இறந்துபோனார்.

மோப்பம் இயந்திரத்தின் படத்தை எழுத்தக்காவின் மேசைமேல் வைத்தார்.

“அன்னைக்கு இல்லத்துல இந்த மிஷின் பக்கத்துல நின்னுதான் நான் டீ குடிச்சேன், எழுத்தக்கா.”

“அதை ஏன் அண்ணே துடைச்சு எடுக்கல?”

“ரொட்டிக்கடை ரிசல்ட் வந்துருச்சே. ஆளு கிடைச்சப்புறம் யாரு தேடுவா?”

அவளும் தேடச் சொல்லவில்லையே.

எட்டு நாள் கழித்து ஆறு குப்பிகளின் முடிவும் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு. எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கோடுகள் ஒத்துப்போனது பொய்யில்லை. ஒரே கோடுகள் காட்டுகிற இரண்டு வேறு வேறு கிருமிகள் உலகத்தில் இருக்கும் என்பதை அன்றைய முறையால் பார்க்க முடியவில்லை. தூரத்திலிருந்து நடையைப் பார்த்து இன்னார் என்று சொல்வது மாதிரி. பல சமயம் சரியாக இருக்கும்.

இயக்குநர் சட்டப் பிரிவோடு பேசினார். ‘மேற்படி பொருளில் முன்னர் வழங்கப்பட்ட அறிக்கை மறுமதிப்பீடு செய்யப்பட்டுள்ளது’ என்று ஆரம்பிக்கும் ரொட்டியம்மாவுக்கு ஒரு கடிதம் தயாரானது. இரண்டு தடவை படித்தும் எழுத்தக்காவுக்கே அதில் யார் என்ன செய்தார்கள் என்று புரியவில்லை. வார்டு விவகாரத்தின் முழு அறிக்கை இருபது நாளில் பொதுவில் வெளியாகும். அதோடு கடிதத்தையும் தபாலில் சேர்த்துவிடலாம் என்றார்கள்.

அன்று மாலை வீட்டில் கணவர் கேரட் சீவிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

“டிப்போவுல நான் ஒருநாள் தப்பா எழுதிட்டேன்,” என்றார் அவர். “சரியான நேரத்துக்கு வந்த வண்டியை லேட்டுன்னு போட்டுட்டேன். டிரைவருக்கு மெமோ போயிருச்சு. அப்புறம் ரிஜிஸ்டரை அடிச்சுத் திருத்தினேன். மெமோவும் ரத்து. ஆனா அந்தாளு ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே வந்தான்.”

“அப்புறம்?”

“நேரா போய், ‘தப்பா எழுதினது நான்தான்யா’ன்னு சொன்னேன். திட்டினான். வாங்கிக்கிட்டேன். அதோட சரி.”

“இது லேட்டு மெமோ இல்லீங்க.”

“அதான் சொல்றேன். அந்த மெமோவுக்கே நேர்ல போக வேண்டியிருந்துது.”

மறுநாள் அவள் மோப்பத்திடம், ரொட்டியம்மா இப்போது எங்கே இருக்கிறாள் என்று விசாரித்தாள். நேரில் போகலாம் என்று நினைப்பதாகச் சொன்னாள். மோப்பம் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“உங்களுக்கு ஒண்ணு தெரியாது. உங்களுக்கெல்லாம் நம்பர்தானே வரும். செத்துப்போன மூணு பேர்ல ஒருத்தங்க ரொட்டியம்மாவோட அம்மா.”

“அந்த இல்லத்துலயா இருந்தாங்க?”

“ஆமா. அம்மா இருக்கற இடம்னுதான் அவங்க அந்த ஆர்டரையே எடுத்துக்கிட்டாங்க.”

சனிக்கிழமை இருவருமாகப் போனார்கள். ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் ரொட்டியம்மா வேலை பார்த்தாள். சலவைக்கூடத்துக்குப் பின்னால், ஊழியர்களுக்கென்று கட்டிய வரிசையில் ஓர் அறை. கட்டில், ஒரு நாற்காலி, மடித்து அடுக்கிய துணி. தண்ணீர் சுடவைக்க ஒரு மின்கெண்டி இருந்தது. அடுப்பு இல்லை. ஜன்னல் விளிம்பில் கடையில் வாங்கிய பிஸ்கட் பொட்டலங்கள் நாலைந்து. அறுபது வயது இருக்கும். சலவைச் சோடாவில் கைவிரல் நுனிகள் வெளுத்துப்போயிருந்தன.

மோப்பத்தைப் பார்த்ததும் அவள் அடையாளம் கண்டுகொண்டாள். “இன்னும் மூடறதுக்கு என்கிட்ட கடை இல்லியே சார்,” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எழுத்தக்கா நாற்காலியில் உட்காரவில்லை. “அக்கா, ஏழு வருஷத்துக்கு முன்னாடி உங்க கடைக் கிருமியும் இல்லத்துக் கிருமியும் ஒண்ணுன்னு எழுதிக் கொடுத்தது நான். அது தப்பு. இப்ப புது முறையில படிச்சுப் பார்த்தோம். ரெண்டும் வேற. அவங்களுக்கு வந்தது உங்க கடையிலேர்ந்து இல்ல.”

ரொட்டியம்மா மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தாள். “அப்ப என் ஃப்ரிட்ஜ்ல ஒண்ணுமே இல்லியா?”

பொய் சொல்ல நல்ல இடம் அது. “இருந்துது அக்கா. அது வேற கிருமி. அதுவும் இருக்கக் கூடாததுதான். ஆனா அதனால யாருக்கும் நோவு வந்ததா எங்ககிட்ட எதுவும் இல்ல. எழுதின தப்பு தப்புதான்.”

“எங்கம்மா என் ரொட்டியத் தொடவே மாட்டாங்கன்னு அன்னைக்கே சொன்னேனே,” என்று அவள் மோப்பத்தைப் பார்த்தாள். “பல்லு கிடையாது அவங்களுக்கு. நீங்ககூட எழுதிக்கிட்டீங்க.”

“எழுதினேம்மா. ஃபைல்ல இருக்கு. ஒரு துண்டு வாயில வெச்சாலும் போதும்னு மேல சொல்லிட்டாங்க.” மோப்பம் தரையைப் பார்த்துச் சொன்னார்.

“அப்புறம் நானே நம்பிட்டேன். சீல் குத்தி வந்த பேப்பரை நம்பாம எப்படி? என்னைக்காவது ஒருநாள் ஒரு துண்டைப் பிச்சுப் போட்டிருப்பேன், மறந்திருப்பேன்னு. அதுலேர்ந்து அடுப்பு பத்த வைக்கறதில்ல.” அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். “பின்னே எதுலேர்ந்து வந்துது?”

எழுத்தக்கா இயந்திரத்தைப் பற்றிச் சொன்னாள். ரப்பர் வளையம், படலம், ஆஸ்பத்திரிக்குப் போனது எல்லாம். அவள் சொல்லிக்கொண்டே போக, ரொட்டியம்மாவின் முகம் தெளிவதற்குப் பதிலாக இறுகிக்கொண்டே வந்தது. எழுத்தக்காவுக்குக் காரணம் புரியவில்லை.

“மில்க்‌ஷேக்கா?” என்றாள் ரொட்டியம்மா. “நல்லாத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும் அக்கா.”

பக்கத்துக் கூடத்தில் சலவை இயந்திரங்கள் சுற்றும் சத்தம் கேட்டது.

“என் தங்கச்சி ஒருத்தி இருக்கா,” என்று அவள் ஆரம்பித்தாள். “அம்மா சரியாச் சாப்பிடலன்னு தினமும் நாலு மணிக்கு இல்லத்துக்குப் போவா. அந்த மிஷின்ல ஒரு கப் பிடிச்சு, ஸ்பூனால ஊட்டி, வாயத் தொடச்சுவிட்டு வருவா. ஒரு நாள் தவறினதில்ல. ரிப்போர்ட் வந்த அன்னைக்கு, ‘அம்மாவ உன் கையாலயே அனுப்பிட்டே’ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டா. அதுக்கப்புறம் என்னோட பேச்சு கிடையாது. ஏழு வருஷம்.”

மோப்பம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அவளுக்கு இது தெரிய வேணாம்,” என்றாள் ரொட்டியம்மா. “குத்தவாளியா நானே இருந்துட்டுப் போறேன். எனக்குப் பழகிப்போச்சு.”

“அறிக்கை இன்னும் பதினாறு நாள்ல வெளிய வருது அக்கா. மிஷின் எங்கேர்ந்து வந்துதுன்னு அதுல இருக்கும். அதை எழுதாம விட முடியாது. அந்த மாதிரி மிஷின் வேற எங்கெங்கேயோ ஓடிக்கிட்டிருக்கு. அவங்களும் வளையத்தைக் கழட்டிப் பார்க்கணும்.”

ரொட்டியம்மா அதை மறுக்கவில்லை. விரல் நுனியால் கட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். “அப்ப நான் போய்ச் சொல்றேன். பேப்பர்ல பார்த்து அவ தெரிஞ்சுக்கக் கூடாது.”

அவர்கள் கிளம்பும்போது அவள் வாசல்வரை வரவில்லை. எழுத்தக்கா மன்னிப்புக் கேட்டாள். அது காதில் விழுந்ததா என்பதே தெரியவில்லை. திட்டியிருந்தால்கூட ஒரு கணக்கு முடிந்த மாதிரி இருந்திருக்கும். திரும்பும் வழியில் மோப்பம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். “சும்மா தபால்லயே அனுப்பியிருக்கலாமோ?” என்றார். எழுத்தக்கா, “தபாலும் இதே வீட்டுக்குத்தான் வரும் அண்ணே,” என்றாள்.

ஒன்பதாம் நாள் ஆய்வுக்கூடத்து வரவேற்பிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு பெண்கள் வந்திருக்கிறார்கள், எழுத்துப் படிக்கிறவரைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் என்றார் காவலாளி.

ரொட்டியம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். தங்கை நின்றுகொண்டிருந்தாள். அக்காவைவிட உயரம், பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், கையில் ஒரு நோட்டு வைத்திருந்தாள். இருவருக்கும் நடுவே மூன்றாமவர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

“நீங்கதான் கையெழுத்துப் போட்டவங்களா?” என்றாள் தங்கை.

“ஆமா.”

“அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க. நம்பினேன். கூடப் பொறந்தவளையே தள்ளி வெச்சேன். இன்னைக்கு வேற ஒண்ணு சொல்றீங்க. நாளைக்கு இன்னொண்ணு சொல்வீங்களா?”

எழுத்தக்கா இருவரையும் உள்ளே கூட்டிப்போய்த் திரை முன்னால் உட்காரவைத்தாள். கோடுகளின் பழைய படத்தை முதலில் காட்டினாள். தங்கை மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். இரண்டு கிருமியின் கோடுகளும் ஒரே மாதிரிதான் இருந்தன.

“இதைப் பார்த்துத்தான் அன்னைக்கு எழுதினேன். ஒரு புத்தகத்தோட அட்டையப் பார்த்து ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ற மாதிரி. இப்ப உள்ள இருக்கற எழுத்து பூராவும் படிச்சிருக்கோம். ரெண்டு தடவை, ரெண்டு பேர். இனிமே படிக்க மிச்சம் இல்ல. படிக்கற ஆளு தப்பு பண்ணலாம், இல்லைங்கல. அதான் ரெண்டாவது ஆளுக்கு எதுக்குப் படிக்கறோம்னே சொல்லல.”

மரப் படத்தைத் திறந்தாள். ஒரு கிளையில் ஐந்து பழைய புள்ளிகள், மூன்று புதியவை, இயந்திரத்தின் புள்ளி ஒன்று. தள்ளி வேறு கிளையில் ஒற்றைப் புள்ளி.

“தனியா இருக்கறது எது?”

“உங்க அக்கா கடை.”

தங்கை அந்தப் புள்ளியையே பார்த்தாள். பிறகு மற்ற ஐந்தைக் காட்டி, “இதுல எங்கம்மா எது?” என்று கேட்டாள்.

“எனக்குத் தெரியாது. இங்க நம்பர் மட்டும்தான் வரும்.”

நோட்டைத் திறந்து எழுதி வைத்திருந்த கேள்விகளை அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். இயந்திரத்தை எப்போது சோதித்தார்கள், யார் துடைத்தெடுத்தது, ஏழு வருடத்துக்கு முன்பே அதில் கிருமி இருந்தது என்று எப்படிச் சொல்வது. எழுத்தக்கா தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னாள். கடைசிக் கேள்வி நோட்டில் இல்லை.

“நான் ஊட்டின கப்புல இருந்துதா?”

ரொட்டியம்மா, “விடு,” என்றாள்.

“நீ சும்மா இரு. நான் அவங்களைக் கேக்கறேன்.”

“அது எழுத்துல இல்லம்மா,” என்றாள் எழுத்தக்கா. “எழுத்து மிஷின் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். எந்த நாளு, எந்தக் கப்பு, யாரு கையின்னு அதுக்குத் தெரியாது. இல்லத்துல நாப்பது பேர் தினமும் அதைக் குடிச்சாங்க. பாதி பேர் தானே பிடிச்சுக் குடிச்சவங்க. நீங்க வராத நேரத்துலயும் அம்மா குடிச்சிருக்கலாம்.”

“வேணாம். எனக்குத் தெரியும்,” என்றாள் தங்கை. “நான்தான்.”

“எனக்கும் ஏழு வருஷமாத் தெரிஞ்சுதான் இருந்துது,” என்றாள் ரொட்டியம்மா. “தப்பாத் தெரிஞ்சுது.”

தங்கை நோட்டை மூடினாள். அழவில்லை. ஆனால் மூடிய நோட்டைப் பையில் வைக்க மூன்று தடவை முயற்சி செய்ய வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை அக்கா பையின் வாயைப் பிரித்துப் பிடித்தாள்.

அறிக்கை குறித்த நாளில் வெளியானது. பழைய அறிக்கை திரும்பப் பெறப்பட்டது என்று அதில் தனியாக ஒரு பக்கம் இருந்தது. சட்டப் பிரிவு வேண்டாம் என்று சொல்லியும் எழுத்தக்கா அதைத் தானே எழுதி, தானே கையெழுத்துப் போட்டாள். இயக்குநர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருடப் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயரும் இல்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று அவள் கேட்கப் போகவில்லை. அதே மாதிரி இயந்திரம் வைத்திருந்த பதினொரு இடங்களில் வளையத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். இரண்டில் படலம் இருந்தது. பழைய கோடுகளை வைத்து எழுதிய மற்ற அறிக்கைகளையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டாள், அனுமதி கிடைத்தது. மொத்தம் முப்பத்தொன்பது விவகாரங்கள். முப்பத்தாறு சரியாகத்தான் இருந்தன.

ரொட்டியம்மாவின் உரிமத்தை அலுவலகம் முத்திரையோடு திருப்பிக் கொடுத்தது. அது காலாவதியாகி ஐந்து வருடம் ஆகியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பிற்பகல் அவளிடமிருந்து போன் வந்தது. எழுத்தக்கா முதலில் யாரென்று தெரியாமல் விழித்தாள்.

“கடை திறக்கப் போறீங்களாக்கா?”

“கடையா? அதெல்லாம் இல்ல. வயசாச்சு. சின்னவ வீட்டுலதான் ரெண்டு வாரமா இருக்கேன். அதைச் சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்.”

“நல்லா இருக்காங்களா?”

“எங்க? ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல. சாயங்காலம் நாலு மணி ஆனா எந்திரிச்சுப் போய் வாசல்ல உக்காந்துக்கறா. நானும் போய் உக்காந்துக்கறேன்.” கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “காலையிலேர்ந்து ஒரே சண்டை. அம்மாவோட கைக்கடிகாரம் யாருக்குன்னு. எனக்குத்தான் கொடுக்கறதா அம்மா சொன்னாங்க. அவ இல்லங்கறா. உங்களுக்குத்தான் தெரியுமே, அவ ஒரு பிடிவாதக்காரி.”

பின்னாலிருந்து தங்கையின் குரல் கேட்டது. என்ன சொன்னாள் என்று புரியவில்லை, சத்தமாகத்தான் சொன்னாள்.

“பாத்தீங்களா?” என்றாள் ரொட்டியம்மா. “சரிம்மா, வெக்கறேன். கூப்பிடறா.”